இடுப்பளவு நீர்

எங்கள் கரையில் மூழ்கிச் சாவது எளிதல்ல.
நடந்துகொண்டே இருக்கலாம்,
ஐந்நூறு அடி போனாலும் பாலட்டோன் ஏரி
இடுப்பைத் தாண்டாது.
அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு
எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடும்.
திரும்பி வந்து
வேகவைத்த சோளம் வாங்குவான்.

நாட்பார்ட் ஊரின் வரலாறு
ஒரு பக்கத்துக்குள் வேண்டுமாம், சிற்றேடு அச்சாகிறது.
பழைய அறைப் பதிவேடு என்னிடம் மட்டும் மிஞ்சியதால்
ஊர் மன்றம் உங்களை இங்கே அனுப்பியிருக்கிறது.
உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.

முதலில் நாணல். அப்புறம் ரயில்.
ரயில் வந்த கோடையிலேயே
புடாபெஸ்ட் சீமாட்டிகளுக்காக
தண்ணீருக்குள் கால் ஊன்றி ஒரு குளியல் கூடம்.
ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே
பலகைச் சுவர்;
கடந்துபோக மீன்களுக்கு மட்டும் அனுமதி.

பிறகு போர்.
உறைந்த ஏரிமேல் குதிரைகள் இழுத்துவந்த பீரங்கி ஒன்று
பனி விரிசலில் உள்ளே போனது.
இடுப்பளவு நீர் என்றேன் அல்லவா,
வசந்தத்தில் அதன் வாய் மட்டும் வெளியே தெரிந்தது.
டெஜோ அதில் தன் படகைக் கட்டினான்.

மாளிகைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.
பல் மருத்துவரின் வில்லாவில் உருக்காலைத் தொழிலாளர்கள்,
பதினான்கு நாள், மூன்று வேளைச் சோறு,
மணியடித்தால் உறக்கம்.
நான் குறை சொல்ல மாட்டேன்.
அம்மா அங்கேதான் உருளைக்கிழங்கு உரித்தாள்,
அந்தத் தோலில்தான் எங்கள் பன்றி கொழுத்தது.

இனி பதிவேடு.
அறுபத்தேழு, ஜூலை. இரண்டு கையெழுத்து.
ரோஸ்விதா, காஸல்.
ஸீக்லிண்டே, லைப்சிக்.
அக்கா தங்கை. நடுவே அவர்கள் நாட்டை அறுத்த முள்வேலி.
இருவரும் வந்து கால் நனைக்க முடிந்த தண்ணீர்
எங்களுடையது.
வால்நட் மரத்தடியில் ஒரு ஓப்பல், ஒரு டிராபன்ட்
ஒன்றையொன்று பார்க்காதது போல நிற்கும்.
அக்கா காபித்தூளும் காலுறையும் கொண்டுவருவாள்,
தங்கை வெள்ளரி ஊறுகாய்.
முதல் இரவு சிரிப்பு.
மூன்றாம் நாள் சண்டை,
அம்மாவின் தையல் எந்திரம் யாருக்கு என்று.
பதிமூன்றாம் இரவு அழுகை.
சுவர் மெல்லியது, எனக்குக் கேட்கும்.
எவள் அழுகிறாள் என்று மட்டும் பிடிபடாது,
இருவருக்கும் ஒரே குரல்.

இப்படி இருபத்து மூன்று ஜூலை. அதே இரண்டாம் எண் அறை.

அந்த இலையுதிர் காலத்தில் சுவர் விழுந்தது.
தொலைக்காட்சி முன்னால் ஊரே கைதட்டியது,
நானும்தான்.
அடுத்த கோடைக்கு வெள்ளையடித்து,
'அறை காலி' பலகைக்கு ஜெர்மன் எழுத்தில் புதுப் பூச்சு பூசி
உட்கார்ந்திருந்தோம்.
பலகை சொன்னது அப்படியே பலித்தது.
எதற்கு வருவார்கள்?
இனி காஸலிலேயே சந்திக்கலாமே,
சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைகூட.

ஆறு வருடம் கழித்து ஸீக்லிண்டே மட்டும்
பேருந்தில் வந்து இறங்கினாள்.
அக்கா எங்கே என்றேன்.
"அவள் வீடு மூன்று மணி நேரம்தான்" என்றாள்,
யாரையோ குற்றம் சொல்வதைப் போல.
"போய் நான்கு வருடம் ஆகிறது."

மாலையில் புயல் விளக்கு சுழன்றது.
எல்லோரும் கரையேறும்போது அவள் மட்டும் உள்ளே நடந்தாள்.
முழங்கால். தொடை. இடுப்பு.
இடுப்பு. இடுப்பு.
நான் துண்டோடு நின்றிருந்தேன்.
கூப்பிடவில்லை, எங்கள் ஏரியை எனக்குத் தெரியும்.
திரும்பி வந்து, தலை துவட்டாமலே
தொலைபேசி இருக்கிறதா என்று கேட்டாள்.
எண் அவளுக்கு மனப்பாடம்.
நாற்பது நிமிடம் பேசினாள்,
அதில் பாதி தையல் எந்திரம்.
அந்த அழைப்புக்கு நான் காசு வாங்கவில்லை,
ஆகவே அது பதிவேட்டில் இல்லை.

பேனாவை எப்போதோ மூடிவிட்டீர்கள்.
இதற்கெல்லாம் சிற்றேட்டில் இடமிருக்காது, சரி.
இப்படிப் போடுங்கள்:
ஆழமற்ற நீர்.
குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது.